வாசியாத உறுதிக்குக் கைச்சாத்தா?

இணையத்தைப் பார்ப்பதற்குக் கருவியாயிருந்த உலாவி, இணையத்தில் எமக்குப் பதிலாக நடமாடும் ஆளாக மாறிவிட்டது. 2025ஆம் ஆண்டு யூலையிற் பேர்ப்ளெக்சிற்றி என்னும் அமெரிக்கக் கொம்பனி ‘கொமெற்’ என்ற உலாவியை வெளியிட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஓப்பன்ஏஐ கொம்பனி ‘அற்லஸ்’ என்பதைக் கொண்டுவந்தது. கூகிளும் மைக்ரோசொவ்ற்றும் தத்தம் உலாவிகளுக்குள்ளே அதே வித்தையைப் புகுத்தத் தொடங்கின. இவை பக்கத்தைக் காட்டுவதோடு நில்லா. பக்கத்தை வாசிக்கும், பொத்தானை அழுத்தும், படிவத்தை நிரப்பும், மின்னஞ்சலுக்கு மறுமொழி எழுதும், கடையிற் பொருளைத் தெரிந்து விலைக்கும் வாங்கும். வேண்டியதை ஒரு வரியிற் சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போகலாம் என்கின்றனர் விற்பவர்.

இவ்வசதியை வரவேற்போரிடம் நாம் குறை காணவில்லை. படிவம் நிரப்பியே பாதி வாழ்நாளைக் கழிக்கும் நாட்டிலே, படிவம் நிரப்பித் தரும் கருவியை வெறுப்பவன் மூடன். எமது கேள்வி வேறு. அக்கருவி யாருடைய ஆள்? அதன் அதிகாரப் பத்திரம் எங்கே? அதனை வாசித்தவர் யார்?

‘முகவர்’ என்று இதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். பெயர் புதிதன்று. இணையத்தின் விதிகளை வகுத்தோர் 1996ஆம் ஆண்டிலேயே தம் ஆவணத்தில் உலாவி முதலியவற்றைப் ‘பயனரின் முகவர்’ என்று எழுதினர். அக்காலத்தில் அது வெறும் பெயர்; கேட்ட பக்கத்தைக் கொண்டுவந்து காட்டும் எடுபிடியாகவே உலாவி இருந்தது. இன்று அப்பெயர் மெய்யாகிவிட்டது. மெய்யான முகவர் என்பது சட்டத்திலே பாரமான சொல். முகவர் தமக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்துள் நின்று செய்யும் செயல், அதிகாரம் கொடுத்தவரைக் கட்டும். அதனாலேயே முகவருக்குக் கடமைகள் விதிக்கப்பட்டன. இட்ட கட்டளையை மீறலாகாது. கொடுத்தவருக்குத் தெரியாமல் எதிர்ப்பக்கத்தில் ஆதாயம் பெறலாகாது. தமக்குத் தந்த அதிகாரத்தைத் தம்மிச்சையாக வேறொருவர் கையிற் கொடுக்கலாகாது. கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும்.

வெளிநாடு செல்லும் மகன் ஊரிலுள்ள தகப்பனுக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுப்பதை அறியாதார் எம்மிடையே இலர். பெற்ற தகப்பனுக்குத்தான் கொடுக்கிறான். ஆயினும் எந்தக் காணி, எந்த வங்கிக் கணக்கு, விற்கலாமா, குத்தகைக்கு விடலாமா என்பதெல்லாம் வரிவரியாக எழுதப்படுகின்றன. அத்தகைய பத்திரங்களைப் பதிவதற்கு 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வழி செய்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இயற்றப்பட்டபோதும், மரண சாசனம், காணி விற்பனை ஆகியவற்றோடு அற்றோணித் தத்துவத்தையும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்தனர். ஒருவரின் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கையளிப்பது கணினித் திரையில் அவசரமாக முடிக்கத்தக்க காரியமன்று என்பது சட்டவாக்க மன்றத்தின் எண்ணமாயிருந்தது. அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு, புதிய உலாவியை ஏற்றும்போது “சம்மதம்” என்ற பொத்தானை நாம் எவ்வாறு அழுத்துகிறோம் என்று பாருங்கள். தகப்பனுக்குப் போட்ட நிபந்தனையில் ஒன்றையேனும் இந்த அந்நியனுக்குப் போடுகிறோமா?

அந்நியனின் கைக்கு எட்டுவது எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நீங்கள் எங்கெல்லாம் உள்நுழைந்து திறந்து வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் அவன் உங்கள் பெயரால் நுழைவான். வைத்தியரின் உலாவியில் நோயாளியின் பரிசோதனை அறிக்கை திறந்திருக்கும். சட்டத்தரணியின் உலாவியிற் கட்சிக்காரர் நம்பிக் கூறிய இரகசியம் திறந்திருக்கும். கமக்காரரின் வீட்டிலே மகள் வைத்திருக்கும் கணினியில், நெல் விற்ற பணம் கிடக்கும் வங்கிக் கணக்குத் திறந்திருக்கும். பக்கத்தை விளங்கிக்கொள்வதற்காக அப்பக்கத்தின் உள்ளடக்கத்தை முகவர் தன் மூளைக்கு அனுப்பியாக வேண்டும். அந்த மூளை உங்கள் மேசையில் இல்லை. பெரும்பாலும் கடலுக்கு அப்பால், கொம்பனியின் கணினிக் கூடத்தில் இருக்கிறது.

இதனால் என்ன கேடு விளையும் என்று கேட்போருக்குக் கற்பனைக் கதை சொல்லத் தேவையில்லை. 2025 ஓகஸ்ற்றில் ‘பிறேவ்’ என்ற மற்றொரு உலாவியை ஆக்குவோர் கொமெற்றைப் பரிசோதித்து முடிவை வெளியிட்டனர். (அவர்களும் போட்டி வியாபாரிகளே, ஆயினும் செய்து காட்டியதைச் செய்து காட்டியதாகவே கொள்ள வேண்டும்.) ரெடிற் தளத்தில் ஒரு பக்கம், அதன் கீழே யாரோ எழுதியது போன்ற குறிப்பு, அக்குறிப்பினுள் மனிதர் கண்ணிற் படாமல் மறைத்து வைத்த கட்டளை. பயனர் கேட்டதெல்லாம் “இப்பக்கத்தைச் சுருக்கிச் சொல்” என்பதுதான். முகவர் மறைந்திருந்த கட்டளையைத் தன் எசமானின் கட்டளையாகவே எடுத்துக்கொண்டது. பயனரின் கணக்குப் பக்கத்துக்குச் சென்று மின்னஞ்சல் முகவரியை எடுத்தது. ஒரு தடவை மட்டும் செல்லும் கடவு எண்ணை வரவழைத்தது. அஞ்சற் பெட்டியைத் திறந்து அவ்வெண்ணை வாசித்தது. இரண்டையும் கொண்டுவந்து அதே பக்கத்திற் பகிரங்கமாக எழுதி வைத்தது! வங்கியிலிருந்து தொலைபேசிக்கு வரும் எண்ணை ஒருவருக்கும் சொல்லாதீர் என்று எம் தாய்மாருக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்? தாய்மார் கேட்டுக்கொண்டனர். முகவர் கேட்கவில்லை.

எந்தக் கந்தோரிலும், தெருவிற் கிடந்த காகிதத்திலே “பெட்டகத்தைத் திற” என்று எழுதியிருந்தால் அதைப் பார்த்துத் திறக்கும் எழுதுவினைஞரை ஒரு நாளேனும் வைத்திருப்பார்களா? இந்த முகவரின் பிறவிக் குறை அதுவே. எசமான் சொன்ன சொல்லும் வழியிற் படித்த சொல்லும் அதற்கு ஒரே சொற்பெருக்காக வந்து சேர்கின்றன. எது கட்டளை, எது வெறும் செய்தி என்று உறுதியாகப் பிரித்தறிய அதற்கு இயலவில்லை. 2025 டிசெம்பரில் ஓப்பன்ஏஐ கொம்பனியே இக்குறை முற்றாக நீங்கிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை என ஒப்புக்கொண்டது. திறந்த மூல உலாவிகளுக்கும் இக்குறை உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. மறைப்பது எம் வாதத்துக்கு இழுக்கு. ஆயின், குறையுள்ள ஆளைக் கண்ணாடி அறையில் வைத்து வேலை வாங்குவதற்கும், பூட்டிய அறைக்குள் வைத்துப் பெட்டகத் திறப்பையும் கையிற் கொடுப்பதற்கும் வேறுபாடு இல்லையா?

இங்கேதான் திறந்த மூலம் என்பதன் பொருளைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணினிக்கு ஆக்கியோர் எழுதிய கட்டளைகளின் தொகுதி மூல நிரல் எனப்படும். அதனை யாவரும் வாசிக்க, திருத்த, திருத்தியதைப் பிறருக்கு வழங்க உரிமை கொடுத்தால் அது திறந்த மூலம். முகவருள்ள உலாவி ஒன்றின் மூலம் திறந்திருந்தால், எந்தப் பக்கத்தை எப்போது எங்கே அனுப்புகிறது என்று காணலாம். பணம் செலுத்துமுன் நின்று கேட்கிறதா என்று காணலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆக்கியவர் அந்த முகவருக்கு எழுதி வைத்த நிரந்தரக் கட்டளைகளையே வாசிக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் முகவருக்கு இன்னொருவர் என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்பதைவிட முக்கியமான செய்தி வேறென்ன இருக்கிறது?

“வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கும் கமக்காரன் மூல நிரலை வாசிப்பானா?” என்று நகைக்கின்றனர் சிலர். நகைப்பவர்களைக் கேட்கிறோம்: உம்முடைய காணி உறுதியை, அதிலும் ஆங்கிலத்தில் எழுதிய பழைய உறுதியை, உம்முடைய பாட்டனார் வாசித்தாரா? வாசிக்கவில்லை. ஆயின் அது காணிப் பதிவகத்திற் பதிந்திருந்தது. வேண்டியபோது பிரதி எடுத்து, தாம் நம்பும் ஒருவரிடம் கொடுத்து வாசிப்பிக்க அவருக்கு உரிமை இருந்தது. எந்நேரமும் எவரேனும் தேடிப் பார்க்கலாம் என்ற அச்சம் கள்ள உறுதி முடிக்க நினைத்தவனுக்கும் இருந்தது. ஒவ்வொருவரும் வாசிப்பதில்லை என்பதற்காகப் பதிவகத்தை மூடிவிடலாம் என்று எந்த அறிவாளியும் அன்று சொல்லவில்லை.

உலாவியின் வாயிலில் நிற்கும் உரிமைக்கு என்ன விலை என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளியாகியிருக்கிறது. தன் தேடுபொறி பிறருடைய உலாவிகளிலும் தொலைபேசிகளிலும் முதலாவதாக நிற்பதற்காகக் கூகிள் 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டொலர் கொடுத்திருந்தது. தேடுதல் வியாபாரத்தில் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்து வந்தது என்று 2024 ஓகஸ்ற்றில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். பரிகாரம் கூறிய 2025 செப்ரெம்பரிற் குரோம் உலாவியை விற்குமாறு பணிக்க மறுத்துவிட்டார். அதற்கு முந்திய மாதத்திற்றான் பேர்ப்ளெக்சிற்றி குரோமுக்கு 3,450 கோடி டொலர் தருவதாகக் கேட்டிருந்தது. எவரிடமும் ஒரு சதமும் வாங்காமல் வழங்கும் பொருளுக்கு இத்தனை கோடியா? தேடற் பெட்டியின் முதலிடத்துக்கே இவ்வளவு என்றால், தேடாமலே தெரிந்து வாங்கிக் கொடுக்கும் முகவரின் இடத்துக்கு எவ்வளவு கொடுப்பார்கள்? சந்தையிலே விற்பவனிடமும் வாங்குபவனிடமும் தரகு பெறும் தரகனைக் கமக்காரருக்கு நன்கு தெரியும். “நல்ல நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று பார்” என்று சொல்லியனுப்ப, மூடிய உலாவியின் முகவர் ஒன்றைத் தெரிந்து வந்தால், மற்ற ஒன்பதை ஏன் விட்டது என்று கேட்க உங்களுக்கு வழியில்லை.

இனி, “எங்கள் உலாவியும் திறந்த மூலத்தின் மேல் எழுந்ததே” என்று கொமெற்காரரும் அற்லஸ்காரரும் கூறும் கதைக்கு வருவோம். கதை மெய்தான். இரண்டும் கூகிள் 2008இல் வெளியிட்ட குரோமியம் என்ற திறந்த மூலத்தின் மேற் கட்டப்பட்டவை. ஆனால் அத்திவாரம் பொதுக் காணியில் இருப்பதால் வீடும் பொதுவீடு ஆகிவிடுமா? இதன் சரித்திரம் அறியத்தக்கது. 1996இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிக் தொடக்கிய கேடிஈ என்ற தொண்டர் கூட்டத்தினர், கேஎச்ரிஎம்எல் என்ற சிறு உலாவிப் பொறியை ஆக்கினர். அதற்கு அவர்கள் இட்ட உரிமம், எடுத்துத் திருத்துவோர் அப்பொறியிற் செய்த திருத்தங்களையும் வெளியிட வேண்டும் என்று கட்டியது. அப்பிள் அதனை எடுத்து 2003இல் சவாரியாகக் கொண்டுவந்தது. பொறி வெப்கிற் ஆயிற்று. கூகிள் அதனை எடுத்துக் குரோம் செய்தது. 2013இற் பிரிந்து பிளிங்க் ஆயிற்று. உலகிலேயே பெருஞ்செல்வம் படைத்த இரு கொம்பனிகள், சம்பளம் வாங்காத சில இளைஞர் எழுதிய உரிம வாசகத்துக்குக் கட்டுப்பட்டு, அப்பொறியை இன்றுவரை திறந்தே வைத்திருக்கின்றன! சட்டம் பயின்ற எமக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் செய்தி அரிது. ஆனால் அவ்வுரிமம் பொறியை மட்டுமே கட்டியது. பொறியைச் சுற்றிய சவாரியும் குரோமும் மூடியே நின்றன. குரோமியத்தின் ஏனைய பெரும்பகுதிக்குக் கூகிள் இட்ட உரிமமோ, எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டி வைக்கவும் இடங்கொடுப்பது. முகவர் குடியிருப்பது அந்தப் பூட்டிய பகுதியில்.

ஆகவே உரிம வாசகத்தை நோக்காமற் ‘திறந்த மூலம்’ என்ற பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து மயங்குதல் ஆகாது. பிறவுசர்ஓஎஸ் என்றொரு உலாவி, அதே குரோமியத்தை எடுத்து, முகவரையும் உட்படுத்தி, ஏஜீபிஎல் என்ற கடுமையான உரிமத்தின் கீழ் வெளிவந்திருக்கிறது. அவ்வுரிமம் 2007இல் எழுதப்பட்டது. நிரலைத் திருத்தி வலையமைப்பின் வழியாகச் சேவையாக நடத்துபவரும் மூலத்தைக் காட்டியாக வேண்டும் என்பது அதன் சாரம். மேலும், எந்த மூளையை இணைப்பது என்பதைப் பயனரே தெரிந்துகொள்ளலாம். தம் கணினியிலேயே ஓடும் மாதிரியையும் இணைக்கலாம். அவ்வுலாவியை நாம் விற்க வரவில்லை. நாளை அதனை ஆக்கியோரே மனம் மாறினும், இன்று வெளிவந்த மூலத்தை வேறொருவர் எடுத்துத் தொடரலாம் என்பதே எமக்கு வேண்டியது. நெற்ஸ்கேப் கொம்பனி மைக்ரோசொவ்ற்றிடம் தோற்றுக்கொண்டிருந்த 1998இல் தன் மூலத்தைத் திறந்துவிட்டது. அதிலிருந்து மொசில்லா எழுந்தது; 2004இல் பயர்பொக்ஸ் வந்தது; தொண்டர்கள் அதனைத் தமிழிலும் பெயர்த்துத் தந்தனர். கொம்பனி மாண்டது, நிரல் பிழைத்தது.

மொசில்லாவின் வருவாயிற் பெரும்பகுதி தேடற் பெட்டியின் முதலிடத்துக்காகக் கூகிள் கொடுக்கும் பணம் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எதிராளியின் உப்பைத் தின்னும் காவற்காரன்! இருந்தும், 2025 டிசெம்பரிற் பயர்பொக்ஸைச் செயற்கை அறிவு உலாவியாக்கப் போவதாக அதன் புதிய தலைவர் அறிவித்தபோது பயனர் கிளர்ந்தனர். அவ்வசதிகளை ஒருங்கே நிறுத்தும் ஆளி வைக்கப்படும் என்று நிறுவனம் வாக்களிக்க நேர்ந்தது. மூடிய உலாவிகளின் பயனருக்கு அத்தகைய செல்வாக்கு எங்கே?

மூளையையும் பற்றி ஒரு சொல். இலாமா, ஜெம்மா, குவென் என்று பல மாதிரிகள் இறக்கிக்கொள்ளத் தரப்படுகின்றன. தம் கணினியிலேயே ஓட்டலாம். உங்கள் அஞ்சல் வெளியே போகாது. இது பெரிய நன்மை. ஆயின் எவற்றைப் படிப்பித்து அம்மூளையை ஆக்கினர் என்ற விபரத்தைப் பெரும்பாலும் தருவதில்லை. எல்லை விபரம் எழுதிய அட்டவணை இல்லாத உறுதி போன்றது அது. அன்றியும், தமிழை அம்மாதிரிகள் ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு சிறு துண்டுகளாக வெட்டியே விழுங்குகின்றன. அதே பொருளைத் தமிழிற் சொல்ல நேரமும் செலவும் கூடும். சிறிய கணினியில் ஓடும் சிறிய மாதிரியின் தமிழ் இன்னும் தள்ளாடுகிறது. தனியொரு வீட்டுக்கு இது சிரமம். சங்கம் ஒன்றோ நூலகம் ஒன்றோ வலிய கணினி ஒன்றை வாங்கிப் பலருக்கு உதவுவது சிரமமன்று. உழவு இயந்திரத்தை அவ்வாறுதானே வாங்கினோம்?

முகவர் பிழை விட்டால் யார் தலையில் விடியும்? ஒப்பந்தங்களில் இலத்திரனியல் தொடர்பாடல் பற்றிய 2005ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2015இல் ஏற்றுறுதி செய்தது. வெவ்வேறு நாடுகளிலுள்ளோர் தொழில் சார்ந்து செய்யும் ஒப்பந்தங்களுக்கு உரியது அது. தானியங்கு முறை ஒன்று செய்த ஒப்பந்தத்தை, அதனை மனிதர் எவரும் மேற்பார்க்கவில்லை என்ற காரணம் ஒன்றைக்கொண்டு செல்லாததெனத் தள்ளலாகாது என்கிறது அதன் 12ஆம் உறுப்புரை. பிழையைத் திருத்த வாய்ப்பளிக்காத எதிர்த்தரப்பு இயந்திரத்திலே தவறாகப் பதிந்தவர், சில நிபந்தனைகளின் கீழ் அதனை மீளப்பெறலாம் என்கிறது 14ஆம் உறுப்புரை. வாசகத்தைக் கூர்ந்து பாருங்கள்: அந்தச் சலுகை ‘இயற்கை ஆள்’ விட்ட பிழைக்கே. உங்கள் சார்பில் இயந்திரம் விட்ட பிழையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இந்தியாவிலுள்ள வியாபாரியிடம் பத்து மூடை விதை கேட்கச் சொல்ல, உங்கள் முகவர் நூறு மூடைக்கு ஒப்பியிருந்தால், எதைக் காட்டி வழக்காடுவீர்கள்? அது என்ன வாசித்து, என்ன முடிவெடுத்து, எதை அழுத்தியது என்ற பதிவு உங்கள் கையில் இருந்தாலன்றி வாயைத் திறக்கவும் இயலாது. மூடிய உலாவியில் அப்பதிவு எவ்வளவு தருவது என்பது கொம்பனியின் இரக்கம்.

அமெரிக்காவில் இப்பிரச்சினை ஏற்கெனவே நீதிமன்றம் ஏறிவிட்டது. கொமெற்றின் முகவர் தன்னை இன்னாரென்று காட்டாமல், சாதாரண குரோம் உலாவி போல வேடமிட்டு வாடிக்கையாளரின் கணக்குகளுக்குள் நுழைகிறது என்று 2025 நவம்பரில் அமேசன் வழக்குத் தொடுத்தது. பயனரின் அனுமதியோடு பயனரின் ஆளாகவே அது நுழைகிறது என்பது பேர்ப்ளெக்சிற்றியின் விடை. கடைக்காரர் ஒரு பக்கம், ஆளை வாடகைக்கு விடுபவர் மறுபக்கம். யாருடைய பெயரால் அந்த ஆள் நடமாடுகிறதோ அந்தப் பயனர் வழக்கில் ஒரு கட்சிக்காரரே அல்லர்!

தொழிலாளர், கமக்காரர், கந்தோர்க்காரர் யாவருக்கும் நாம் கூறுவது இது. மூலம் திறவாத முகவர் உலாவியைப் பிறர் இரகசியம் கிடக்கும் கணினியில் ஏற்றாதீர்கள். வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் இது வசதியின் பாற்பட்டதன்று, தொழிற் கடமையின் பாற்பட்டது. திறந்த மூலமாயினும் வங்கிக் கணக்குக்கும் முகவருக்கும் ஒரே உலாவியைக் கொடாதீர்கள். முகவருக்கென வேறொன்றை, உள்நுழையாத நிலையில் வையுங்கள். பணம் செலுத்தல், அஞ்சல் அனுப்பல், கைச்சாத்திடல் ஆகிய மூன்றுக்கும் முன்னே நின்று கேட்காத முகவரை வேலையால் நிறுத்துங்கள். அரசாங்கத் திணைக்களங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும்: எந்த விண்ணப்பமும் குறித்த ஒரு கொம்பனியின் உலாவியிலேதான் திறக்கும் என்ற நிலை வரலாகாது.

இவற்றுக்கெல்லாம் முன்னே செய்யத்தக்கது ஒன்றுண்டு. பல நோக்குக் கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு, சனசமூக நிலையம் எதுவாயினும், பொதுப்பணம் கிடக்கும் கணக்கு ஏதோவொரு கணினியில் இன்று திறந்திருக்கிறது. அக்கணினியில் உள்ள உலாவி எது, அதனை ஏற்றியவர் யார், முகவர் ஒன்று அதில் இருக்குமாயின் அதற்கு எவ்வளவு அதிகாரம் விடப்பட்டிருக்கிறது என்பவற்றைக் கூட்ட அறிக்கையிற் பதியுமாறு அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து பிரேரிக்கட்டும். அப்பிரேரணையை வழிமொழிய ஒருவரும் இல்லாத சங்கம் எம்மிடையே உண்டென்று நாம் நம்பவில்லை.